ராணுவ வாகனத்தையும் ஆயுதத்தையும் ஏன் ஒரே பிரிவில் செய்கிறார்கள்?

ராணுவத் தளவாடம் செய்யும் சில நிறுவனங்களில் ‘வாகனம், ஆயுதம்’ என்று சேர்த்தே ஒரு பிரிவு இருக்கும். டாங்க், கவச வண்டி, அவற்றின் மேல் உட்காரும் பீரங்கி எல்லாவற்றையும் வடிவமைத்துக் கோப்பது அதன் வேலை.

சேர்த்து வைக்க ஒரு முக்கியக் காரணம் பின்னுதைப்பு. குண்டு முன்னால் பாயும்போது குழல் பின்னால் உதைக்கும். மதுரைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் வேட்டுக் குழாயைத் தரையில் பதித்துத்தான் வெடிப்பார்கள். அதையே தள்ளுவண்டியில் சாய்த்துவைத்துக் கொளுத்தினால்? வண்டி குடை சாய்ந்துவிடும், பக்கத்தில் நிற்பவர் பாடு அப்புறம். டி-90 டாங்கின் குழல் உள்விட்டம் 125 மில்லிமீட்டர். வண்டியின் எடை சுமார் 46 டன். குழலை மாற்றினால் அதைத் தாங்கும் கூண்டு, சங்கிலிப் பட்டை, எஞ்சின் வரை கணக்கு மாறும்.

சரி, எல்லாம் ஒரே கூரைக்குள்தானா? நம் நாட்டில் அப்படி இல்லை. 2021 அக்டோபரில், அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, கவச வாகனங்கள் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்கும், பீரங்கி, துப்பாக்கி எல்லாம் கான்பூர் நிறுவனத்துக்கும் போயின.

ஆவடி டாங்க் தொழிற்சாலையை ராணுவமே நடத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள அரசு நிறுவனத்தின் தொழிற்சாலை, ராணுவம் அதன் வாடிக்கையாளர்.