ஆன்-கிரிட் சோலார்: கரண்ட் கட்டடத்துக்குள் எப்படிச் சேர்கிறது? (கேள்வி பதில்)

பேட்டரி இல்லாத, கிரிட்டோடு (ஊருக்கு மின்சாரம் தரும் லைனோடு) இணைந்த சோலார் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எண்கள் எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு.

கேள்வி: சோலார், கிரிட் இரண்டும் ஒரே போர்டுக்கு வருகின்றனவே, வீடு முதலில் எதை எடுக்கும்? நடுவில் மாற்றிவிடும் சுவிட்ச் ஏதாவது இருக்கிறதா சார்?

சுவிட்ச் எதுவும் கிடையாது. இன்வெர்ட்டரிலிருந்து (பேனலின் டிசி கரண்ட்டை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்ட்டாக மாற்றும் கருவி) வரும் கேபிள் ஒரு பிரேக்கர் வழியாக மெயின் போர்டின் பஸ்பாரில் (லைன்கள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) ஏறுகிறது. மீட்டரிலிருந்து வரும் லைனும் அதே பஸ்பாரில்தான். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் லைன்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான். அந்த இடத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் எந்த நொடியிலும் சமமாகத்தான் இருக்கும். இன்வெர்ட்டர் 3 கிலோவாட் தரும்போது வீடு 2 இழுத்தால், மீதி 1 கிலோவாட், மீட்டர் வழியாக வெளியே போகிறது. ஹீட்டரைப் போட்டு வீட்டின் தேவை 4 ஆனால், குறைகிற 1 உள்ளே வருகிறது.

“சோலாருக்குத்தான் முன்னுரிமை” என்று விற்பவர்கள் சொல்வார்கள். பலன் அப்படித்தான் தெரியும், ஆனால் முன்னுரிமை கொடுக்கும் கருவி எதுவும் உள்ளே இல்லை. வெயில் தருவதை இன்வெர்ட்டர் முழுதாக உள்ளே விடுகிறது, வித்தியாசத்தைக் கிரிட் பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: அப்படியானால் மிச்சத்தை வெளியே தள்ளக் கிரிட்டைவிட அதிக வோல்டேஜ் வேண்டாமா? எங்கள் இன்வெர்ட்டர் மதியத்தில் ‘ஓவர் வோல்டேஜ்’ காட்டி நின்றுவிடுகிறது. மெஷினை மாற்றச் சொல்கிறார்கள்.

மெஷினை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இன்வெர்ட்டர் வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டி வைப்பதில்லை. அது தருவது கரண்ட். அந்தக் கரண்ட் கம்பியின் தடையைத் தாண்டிப் போகும்போது இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் தானாக ஏறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வெயிலில் ஏறக்குறைய 22 ஆம்பியர் தரும். மொட்டை மாடியிலிருந்து போர்டு வரை 40 மீட்டர் என்றால் போக, வர 80 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அதற்கான தடை சுமார் 0.37 ஓம். 22-ஐ 0.37-ஆல் பெருக்கினால் 8 வோல்ட். போர்டில் 246 இருந்தால் இன்வெர்ட்டர் முனையில் 254. பல இடங்களில் மேல் வரம்பு 253 தான் (230-க்கு மேல் 10 சதவீதம்). அதைத் தாண்டினால் நிற்க வேண்டும் என்றே அதற்குச் சொல்லி வைத்திருக்கிறது. 10 சதுர மி.மீ. கம்பியாக மாற்றினால் இதே ஏற்றம் 3 வோல்ட் அளவில் அடங்கிவிடும்.

மதியம் இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் முனையில் ஒரு ரீடிங், போர்டில் ஒரு ரீடிங் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் குற்றவாளி உங்கள் கம்பி, அல்லது தளர்ந்த ஸ்க்ரூ. போர்டிலேயே 252 என்றால் ஊர் லைனே உயரத்தில் இருக்கிறது, சப்ளை தருபவரிடம்தான் பேச வேண்டும். வரம்பை செட்டிங்கில் ஏற்றிவிடச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள், வீட்டுச் சாமான்களும் அந்த வோல்டேஜைத்தான் சாப்பிடும்.

கேள்வி: கிரிட்டின் அலையோடு இன்வெர்ட்டர் எப்படி ஒத்துப்போகிறது?

பெரியவர்கள் ஆட்டிக்கொண்டிருக்கும் ஊஞ்சலுக்கு ஒரு சிறுவன் கை கொடுப்பது மாதிரி. சரியான நேரத்தில் தள்ளினால்தான் பலன், இல்லாவிட்டால் அடி வாங்குவான். கிரிட்டின் அலை 20 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. அது பூஜ்யத்தைக் கடக்கும் தருணத்தை இன்வெர்ட்டர் விடாமல் அளந்து, அதே தாளத்தில் கரண்ட்டை விடுகிறது. 230 வோல்ட் அலையின் உச்சி 325 வோல்ட். அதனால் பேனலிலிருந்து வரும் டிசி அதைவிடக் குறைவாக இருந்தால் உள்ளேயே முதலில் ஏற்றிக்கொள்ளும்.

கேள்வி: நல்ல வெயில், ஆனால் கரண்ட் போனால் சோலாரும் போய்விடுகிறது. இது என்ன நியாயம் அண்ணா?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் லைனில் வேலை செய்ய ஏறும் ஆள், கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அதனால் கிரிட் போனதும் 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகியாக வேண்டும். வெறும் வோல்டேஜைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது: வீட்டின் தேவையும் சோலாரும் தற்செயலாகச் சமமாக இருந்தால் வோல்டேஜ் அப்படியே நிற்கும். அதனால் பல இன்வெர்ட்டர்கள் அலையின் வேகத்தை லேசாக அசைத்துப் பார்க்கும். கிரிட் இருந்தால் அசையாது. இல்லையென்றால் வேகம் விலகிப் போகும், உடனே நிறுத்திவிடும். கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்துத்தான் சேரும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறோம். அதைக் கிரிட் என்று நினைத்து சோலார் ஓடாதா?

ஓடலாம், அதில்தான் ஆபத்து. கிரிட் மிச்சத்தை விழுங்கிக்கொள்ளும், ஜெனரேட்டரால் முடியாது. கட்டடத்தின் தேவை குறைந்த நொடியில் மிச்சம் ஜெனரேட்டருக்குள் புகுந்து வோல்டேஜ் எகிறும், மெஷினும் கெடும். சேஞ்ச்ஓவருக்கு (கிரிட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றுக்கு மாற்றிவிடும் சுவிட்ச்) முன்னால், கிரிட் பக்கமாகச் சோலாரை இணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் தனியாக ஒரு கன்ட்ரோலர் தேவை.

கேள்வி: போர்டில் ஒரு பிரேக்கர் இடம் காலி. அதில் சோலாரை மாட்டிவிடலாமா?

இடம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. மெயின் 63 ஆம்பியர், பஸ்பாரும் 63 தாங்கும், சோலார் பிரேக்கர் 32 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் வந்தால் 95 ஆம்பியர் வரை பஸ்பாரில் ஓடலாம், எந்த பிரேக்கரும் விழாது, பஸ்பார் மட்டும் காயும். மெயினுக்கு எதிர் முனையில் சோலாரை வைத்தால் நடுவில் சேரும் சுமை குறையும். அதைவிட நல்லது, தாங்கும் திறன் கூடிய பஸ்பார்.

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் மோசமாகிவிட்டது. சோலார் கெடுத்துவிட்டதா?

கெடுக்கவில்லை. மோட்டார்களுக்கு 10 கிலோவாட்டும் 6 கிலோவாரும் (வேலையாக மாறாமல், மோட்டாரின் காந்தத்துக்காகப் போய்வரும் பவர்) தேவை என்று வையுங்கள், பவர் ஃபேக்டர் (மொத்தமாக இழுக்கும் பவரில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.86. சோலார் 8 கிலோவாட் கொடுத்தால் கிரிட்டிலிருந்து 2 கிலோவாட்தான் வருகிறது, ஆனால் 6 கிலோவார் அப்படியே. மீட்டர் பார்ப்பது 0.32. கிலோவாரை அங்கேயே கொடுக்கும் கபாசிட்டர் பேனலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் கிலோவாரும் கொடுக்கும் வசதி உண்டு, அதையும் கேளுங்கள்.

கேள்வி: மூன்று பேஸ் வீடு, சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர். மற்ற இரண்டு பேஸ் நஷ்டமா?

மீட்டரைப் பொறுத்தது. மூன்றையும் கூட்டிக் கழிக்கும் மீட்டர் என்றால், ஒரு பேஸில் வெளியே போவதும் மற்றதில் உள்ளே வருவதும் கணக்கில் நேராகிவிடும். பேஸ் வாரியாக எண்ணும் மீட்டர் என்றால், ஏசியையும் மோட்டாரையும் சோலார் உள்ள பேஸுக்கு மாற்றிக்கொள்வது லாபம்.

கேள்வி: ராத்திரி இன்வெர்ட்டரை ஆஃப் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சில வாட் மட்டுமே எடுக்கும். விடிந்ததும் தானாக எழுந்துகொள்ளும்.