தொழில்முனைவோர் கேள்வி பதில்: விற்பனை ஏறுகிறது, பணம் எங்கே?

கேள்வி: இணையத்தில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிறோம். பொருளைக் கொடுத்த பிறகே பணம் வாங்குகிறோம். 100 ஆர்டரில் 22 திரும்பி வருகிறது. விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, கையில் பணம் நிற்கவில்லை. எங்கே ஓட்டை?

பதில்: அந்த 22-ல்தான். பொருளின் விலை 100, அதில் உங்கள் லாபம் 20, கொண்டு சேர்க்க 6, திரும்ப எடுத்துவர 5 என்று வைத்துக்கொள்வோம். நூறும் விற்றிருந்தால் 2,000 லாபத்தில் டெலிவரிச் செலவு 600 போக 1,400 மிஞ்சும். 22 திரும்பினால் லாபம் 1,560 ஆகிவிடும். அதில் டெலிவரிக்கு 600, திரும்பி வரும் செலவு 110. திரும்பியதில் 5 பெட்டி நசுங்கி விற்க முடியாமல் போனால், பெட்டிக்கு 80 வீதம் கொள்முதல் நஷ்டம் 400. மிஞ்சுவது 450. இதுவே 30 திரும்பி 7 வீணானால் வெறும் 90! சம்பளமும் விளம்பரச் செலவும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

போதாததற்கு, டெலிவரி நிறுவனம் வசூலித்த பணத்தைச் சில நாள் வைத்திருந்துதான் தரும். சப்ளையருக்கு நீங்கள் முன்பே கொடுத்திருப்பீர்கள். விற்பனை கூடக் கூட இடையில் முடங்கும் தொகையும் கூடும்.

ஆகவே விளம்பரத்தை இப்போதைக்குக் கூட்டாதீர்கள். ஆர்டர் வந்த அரை மணிக்குள் போனில் உறுதிசெய்யுங்கள். பேசி உறுதியாகாததை அனுப்ப வேண்டாம். கதவு எண் ஒழுங்காக இல்லாத பகுதிகளில் பக்கத்தில் உள்ள அடையாளத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முறை வாங்க மறுத்த போன் எண்ணுக்கு முன்பணம் கட்டாயம். திரும்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் காரணம் குறித்துவையுங்கள். ‘ஆள் இல்லை’ என்பது டெலிவரி நேரத்தின் கோளாறு. ‘படத்தில் பார்த்தது போல் இல்லை’ என்றால் தவறு உங்களுடையது, படத்தை மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஆப்பில் சிலருக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போய்விடுகிறது. ஏன்?

பதில்: கோரிக்கை சர்வரைச் சேர்ந்து பணமும் போய்விடுகிறது, பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்துவிடுகிறது. திரை சுற்றிக்கொண்டே இருக்க, அவர் மறுபடி அழுத்துகிறார். சர்வர் அதைப் புது ஆர்டராக எடுத்துக்கொள்கிறது.

ஆர்டர் உருவாகும்போதே போனில் ஒரு தனி எண்ணை உண்டாக்கிச் சேமித்துவிட்டு, பிறகு அனுப்புங்கள். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போகவேண்டும். அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் பழைய பதிலையே தரட்டும். பலர் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புது எண் போட்டு இதைக் கெடுத்துவிடுகிறார்கள். பதில் வராத நிலையில் ‘தோல்வி’ என்று காட்டவே காட்டாதீர்கள். ‘உறுதிசெய்கிறோம்’ என்று போட்டு, வங்கித் தரப்பில் நிலையைக் கேட்டுச் சொல்லுங்கள்.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்து பயனில்லை. 2 ஜிபி ரேம் உள்ள பழைய போனை எடுத்து, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திய மறுநொடி ஃபிளைட் மோடைப் போடுங்கள். கோளாறு உங்கள் கண்முன்னே தெரியும்.

கேள்வி: வருமானம் உள்ளூர் நாணயத்தில், கிளவுட் கட்டணம் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களுக்கானது) டாலரில். இது ஆபத்தா?

பதில்: ஆம். நைஜீரியா 2023 ஜூனில் தன் நாணயமான நைராவின் மாற்று விகிதத்தைத் தளர்த்தியபோது, டாலருக்கு 470-ஐ ஒட்டியிருந்த விகிதம் அந்த மாதமே 700-ஐத் தாண்டியது. ஒரு சர்வர்கூடக் கூடுதலாக வாங்காதவருக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! டாலரில் முதலீடு வந்தால் ஆறு மாதக் கட்டணத்தை டாலராகவே வைத்திருக்க உங்கள் நாட்டு விதி இடம் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். இரவில் சும்மா ஓடும் சோதனை சர்வர்களை அணையுங்கள். ஓராண்டு ஒப்பந்தத் தள்ளுபடியில் கவனம் தேவை. அந்தக் கடப்பாடும் டாலரில்தான்.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. ஆப் தொடங்கலாமா?

பதில்: சேவையைத் தொடங்குங்கள், ஆப் பிறகு வரட்டும். கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா என்ற பணப் பரிமாற்றச் சேவை சாதாரண போனில் ஓடியது. அதைத் தாங்கியவர்கள் வாடிக்கையாளரிடம் ரொக்கத்தை வாங்கியும் கொடுத்தும் வந்த முகவர்கள். முகவரிடம் ரொக்கம் தீர்ந்தால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார். அதனால் அவர்களின் கையிருப்பை நாள்தோறும் கவனிப்பதே பெரிய வேலை. இந்தோனேசியாவின் பைக் சவாரி நிறுவனமான கோஜெக் 2010-ல் போன் அழைப்பு மையமாகத் தொடங்கியது. அதன் ஆப் வந்தது 2015-ல்.