வாடகை உதவிக்கான பத்திரங்கள்: கல்லடியிலிருந்து வரும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அகதி அந்தஸ்துப் பெற்ற கணவரிடம் பாரிசுக்கு வரவிருக்கும் நீங்கள், இங்கே காஃப் (CAF) என்னும் குடும்பக் கொடுப்பனவு நிறுவனத்திடம் வாடகை உதவி பெறுவதற்கு ஊரிலிருந்து எந்தப் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டும் என்றும், 2004 சுனாமியில் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டதே என்றும் கவலையோடு கேட்டிருந்தீர்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து இங்கே குடும்பத்தோடு நிலைத்துவிட்ட ஓர் அண்ணனாக, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பிறப்புச் சான்றிதழ் போனதற்காகக் கலங்க வேண்டாம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்தவராயின், மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பதிவேட்டின் பிரதியைப் பெறலாம்; இரண்டு மூன்று பிரதிகளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரின் நிலை வேறு. அவருடைய பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை அகதிகளுக்கான பிரெஞ்சு அரச அலுவலகமான ஒப்ராவே (OFPRA) வழங்கும் என்பதால், அவற்றுக்காக அவர் இலங்கைத் தூதரகத்தை நாடக் கூடாது. அது அவருடைய பாதுகாப்பு அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கக்கூடும்.

நான் மிகவும் வலியுறுத்துவது பெயரின் எழுத்துகளைப் பற்றித்தான். நம் பெயரில் வரும் ழகரத்தை ஒருவர் 'எல்' என்றும் மற்றொருவர் 'இசட் எச்' என்றும் எழுதுவார். தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் குடும்பப் பெயராகவும் நிற்கும். என் மனைவியின் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சுக்கு மாற்றியவர் கடவுச்சீட்டைப் பார்க்காமல் தன் போக்கில் எழுதிவிட்டதால், காஃப் அலுவலகத்தார் இருவேறு ஆட்கள் என்று கருதிக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். அது சரியாகும் வரை முழு வாடகையையும் கடன் வாங்கிக் கட்டினோம். ஆகவே மொழிபெயர்ப்பை ஊரில் செய்விக்காமல், இங்குள்ள நீதிமன்றப் பட்டியலில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மற்றவை கணவர் தேட வேண்டியவை: வதிவிட அட்டை, வங்கிக் கணக்கு விபரம், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் நிரப்பித் தரும் வாடகை அத்தாட்சி. வருமானத்தைக் காஃப் நிறுவனம் பெரும்பாலும் தானே அறிந்துகொள்ளும். ஆனால் ஒப்பந்தமில்லாமல் கையில் காசு கொடுத்துத் தங்கும் அறைக்கு இந்த உதவி கிடைக்காது; நம்மவர் பலர் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் இழந்திருக்கிறார்கள் என்பதால் இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். இருவருக்கு வீடு குறைந்தது 16 சதுர மீற்றராவது இருக்க வேண்டும் என்பதையும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாப் பத்திரங்களும் சேரட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மார்ச்சில் குடிபுகுந்தால் உரிமை ஏப்ரலில் தொடங்கும், அந்தப் பணம் மே மாதம் 5ஆம் திகதியளவில் வரும். விண்ணப்பிக்காமல் கடத்திய மாதங்களுக்குப் பின்னோக்கித் தரமாட்டார்கள். குடிபுகுந்த மாதத்திலேயே கணவர் இணையத்தில் விண்ணப்பத்தைப் பதியட்டும், குறைகிற பத்திரத்தைப் பிறகு அனுப்பலாம். அவர் ஏற்கெனவே தனியாளாக உதவி பெறுகிறார் என்றால், நீங்கள் வந்திறங்கியதும் அந்த மாற்றத்தை உடனே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டு, கூடுதலாகப் பெற்றது பின்னர் தெரியவந்தால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.