வாய்க்கு முன்னால் கால் பாடும்: மழலைப் பாட்டு கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. தினமும் பாடுகிறேன் டீச்சர். ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்வதில்லை. முழங்காலை மடக்கி மடக்கி ஆடுகிறான், அவ்வளவுதான்.

பதில்: அவன் பாடத் தொடங்கிவிட்டான் அம்மா. வாய்க்கு முன்னால் உடம்பு பாடும். பிள்ளைத்தமிழில் பாருங்கள்: செங்கீரைப் பருவத்தில் பிள்ளை தலை நிமிர்த்தி ஆடும், சப்பாணியில் கை கொட்டும். இரண்டும் பேச்சுக்கு முந்தியவை.

ஒன்று செய்யுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, தூக்கிய கை தூக்கியபடி, அவன் முகத்தைப் பார்த்து மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை பல வாரம் வாயே திறக்கவில்லை. ‘தொப்’ என்று உட்காரும் இடத்தில் ஒருநாள் நிறுத்தினேன். மற்றவர்கள் நிற்க, அவள் மட்டும் மெல்ல உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து ‘ப்’ என்றாள். முழுப் பாட்டும் அவளுக்குள் இருந்திருக்கிறது.

கேள்வி: வாரம் எத்தனை பாட்டு?

பதில்: ஒன்று. அடுத்த வாரமும் அதேதான்.

கேள்வி: எனக்குக் கட்டைக் குரல். சுருதியும் சேராது.

பதில்: பரவாயில்லை, பாடுங்கள். கொஞ்சம் மேலே எடுத்துப் பாடினால் போதும், பெரியவர்களின் கீழ்க்குரல் பிள்ளைக்கு எட்டாது. ஹங்கேரி இசையறிஞர் கோடாய் பெயரில் வழங்கும் முறையில் முதலில் இரண்டே சுரம்தான்: பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு, அதாவது ‘ச ரி க ம ப’வில் ‘ப’விலிருந்து ‘க’வுக்கு, இறங்குவது. அதில் தொடங்குங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகள் தாளம் தப்பித் தட்டுகிறாள். கையைப் பிடித்துத் தட்டவைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் தாளம் ஒட்டாது. அவள் வேகத்துக்கு நீங்கள் போங்கள். மடியில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, ஆய்வாளர்கள் 7 மாதக் குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறையோ மூன்று தட்டுக்கு ஒருமுறையோ ஆட்டிப் பார்த்தார்கள். எப்படி ஆட்டினார்களோ அப்படி அழுத்தம் விழும் தாளத்தையே பிள்ளைகள் பிறகு அதிக நேரம் கேட்டன. 2005-இல் வெளியான ஆய்வு இது. ஆட்டலாம், உலுக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

கேள்வி: மகன் போன் பார்த்தே இருபது பாட்டு கற்றுக்கொண்டான். அதில் என்ன தப்பு?

பதில்: இருபது பாட்டு தெரியும், சரி. அவன் நடுவில் நின்றால் போன் காத்திருக்குமா? 2009-இல் கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு எந்திரத்தோடு தட்டியதைவிட மனிதரோடு சேர்ந்து தட்டியபோது தாளம் நன்றாக ஒட்டியது. 2 முதல் 4 வயது வரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. 1 வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது.

அவரே மறுபடி: இருவரும் வேலைக்குப் போகிறோம். உட்கார்ந்து பாட நேரம் எங்கே?

பதில்: உட்காரவே வேண்டாம். படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு சொல். சட்டைக்குள் தலை மறையும்போது பாட்டு நிற்கட்டும், வெளியே வந்ததும் தொடரட்டும். அந்த அரை நிமிடம் போதும்.

இன்னொருவர்: ஆனாலும் போன் பாட்டில் உச்சரிப்பு தெளிவு. போன் பார்த்துக் கற்றால் என்ன தப்பு என்று முன்னால் கேட்டவர் சொல்வதுதான் நியாயம்.

பதில்: அப்படியென்றால் நீங்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் போனை அணைத்துவிட்டு நீங்கள் பாடுங்கள். பிள்ளை பார்க்க வேண்டியது உங்கள் உதட்டை.

கேள்வி: இரண்டு வயது. பாடவே மாட்டேன் என்கிறாள்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆனால் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காதைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னால் ஓடிவிடுகிறான்.

பதில்: சொல்லாதீர்கள்.

கேள்வி: இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றினால்தான் மகனுக்குப் பாட்டே பிடிக்கிறது.

பதில்: இதைத்தான் மேலேயும் சொன்னேன். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், இந்த வயதில் முழங்கை எலும்பு சட்டென்று நழுவிவிடும். இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து, உங்கள் மார்போடு சேர்த்துச் சுற்றுங்கள். அதே பாட்டுதான், அதே சிரிப்புதான் வரும்.