கூலன்ட் டேங்கில் எண்ணெய்: ஹெட்டை இறக்கும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2014 மாடல் டீசல் கார், மேனுவல் கியர், 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மதுரை போய் வந்த மறுநாள் கூலன்ட் டேங்கைத் திறந்தால், பால் விட்ட காப்பி நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. வண்டி சூடாகவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கச் சொல்லலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஹெட் என்பது இன்ஜினின் மேல் பகுதி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கெட். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ஆயில் கூலர் மேல்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வைத்தே எண்ணெயின் சூட்டையும் தணிக்கும் பாகம் அது.

அதற்கு முன், அது எண்ணெய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் டேங்கில் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிற பழக்கம் நிறைய. அதனால் வரும் துருவும் பழுப்பாகத்தான் தெரியும். வேறு வேறு வகைக் கூலன்ட்டைக் கலந்தாலும் கூழ் மாதிரி திரண்டுவிடும். காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும், தயவுசெய்து வேண்டாம்), அந்தப் படிவில் ஒரு ஸ்பூன் எடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் வெந்நீரோடு போட்டுக் குலுக்கி அரைமணி நேரம் வையுங்கள். துரு என்றால் அடியில் மண் மாதிரி தங்கும். எண்ணெய் என்றால் மேலே மிதந்து, கண்ணாடியைச் சுற்றி வளையம் கட்டும். விரலில் தேய்த்தாலும் தெரியும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்து மட்டும் செய்யாதீர்கள், எண்ணெய்க் கறை ஊறிவிடும்.

எண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து வந்தது? ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி, ரோஸ் மில்க் நிறத்தில் வரலாம். உங்களுடையது மேனுவல், அந்தப் பேச்சு இல்லை. மீதி மூன்று: ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல்.

இந்தக் காலத்து டீசல் இன்ஜின் பலவற்றில் ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்தை ஒட்டியே உள்ளங்கை அளவில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் ஆயில் கூலர். உள்ளே மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு அடுக்கில் எண்ணெய், அடுத்த அடுக்கில் கூலன்ட். வெறும் போர் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓடிய வண்டியில் அந்தத் தகடு அரித்துப் பொத்தல் விழுவது சகஜம். சில சமயம் தகடு நன்றாக இருந்து, ரப்பர் சீல் மட்டும் காய்ந்து போயிருக்கும்.

அப்படிப் பொத்தல் விழுந்தால் ஏன் எண்ணெய் மட்டும் கூலன்ட்டுக்குப் போகிறது? வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சுமார் 2 முதல் 4 பார். கூலன்ட்டின் அழுத்தம் சுமார் 1 பார்தான். பலமுள்ளது பலமில்லாததற்குள் புகுகிறது. அதனால்தான் டேங்கில் கூழ் இருக்கும், டிப்ஸ்டிக்கில் (இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில்) எண்ணெய் சுத்தமாக இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். உங்கள் டிப்ஸ்டிக்கைப் பார்த்தீர்களா? எழுதவில்லை. அதிலும் வெளுத்த நுரை தெரிந்தால் கூலன்ட் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், பேரிங் போய்விடும். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தாலும், பக்கத்தில்தானே என்று காரைக்குடி வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஹெட் கேஸ்கெட் போனால் பெரும்பாலும் வேறு அறிகுறிகளும் சேர்ந்து வரும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, இன்ஜின் சூடேறும் முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கல் மாதிரி விறைக்கும். டேங்கில் தொடர்ந்து குமிழி வரும். கூலன்ட் பொங்கி வழியும், சூடு காட்டும் முள் ஏறும். மெக்கானிக்கிடம் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் புகைச் சோதனையைக் கேளுங்கள். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். மாறாவிட்டால் கேஸ்கெட் மேல் சந்தேகம் குறையும். முழுதாகப் போகாது, ஏனென்றால் சிலிண்டரைத் தொடாமல் எண்ணெய்த் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் அரிப்பதும் உண்டு.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஆயில் கூலரைக் கழற்றி, ஒரு வழியை அடைத்து, மறு வழியில் 3, 4 பார் காற்று கொடுத்து, வெந்நீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. வராவிட்டாலும் சீல்களை மாற்றிவிடுங்கள். பழைய கூலர் என்றால் கூலரையே மாற்றுவது என் வழக்கம், சூட்டில் மட்டும் திறக்கும் விரிசல் மேஜையில் அகப்படாது. இதிலும் நிற்காவிட்டால்தான் ஹெட்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் பள்ளத்தூர் வண்டி ஒன்றுக்கு நானே ஹெட்டை இறக்கினேன். கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. புதுசு போட்டு ஏற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் டேங்கில் மறுபடி எண்ணெய். ஆயில் கூலர்தான். ஹெட் வேலைக்கு வாங்கிய பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சுத்தம் செய்வது பழுது நீக்கிய பிறகுதான். துணி சோப்புத்தூள் போடாதீர்கள், நுரைத்துக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் ஃப்ளஷ் என்றே விற்கிறது. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) கழற்றிவிட்டு, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஓடவிட்டு வடிக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது, ஐந்தாறு தடவைகூட ஆகும். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். எண்ணெய் குடித்த ரப்பர் ஊறிப்போய்ப் பஞ்சு மாதிரி அமுங்கும், அதை மாற்றியே ஆக வேண்டும். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் புதுசு. கடைசியாகக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலன்ட். போர் தண்ணீர் இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

அப்புறம் ஒரு மாதம், வாரம் ஒரு முறை காலையில் டேங்கைத் திறந்து பாருங்கள். மேலே மெல்லிய படலம் தெரிந்தால் அது மூலைமுடுக்கில் தங்கிய பழைய எண்ணெய், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். அடுத்த வாரம் அது குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், டிப்ஸ்டிக் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.