விடியற்காலை வேர்வை

சிங்கப்பூர் ஆங் மோ கியோ வாசகிக்கு,

அவ்வளவு நீளமான மின்னஞ்சலின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: விடியற்காலை நான்கு மணிக்குக் கணவரின் சட்டை நனைந்துவிடுகிறது, எழுப்பினால் "இது யார் வீடு?" என்று கேட்கிறார். ஒரே மாதத்தில் ஐந்து முறை. முதல் முறையே அவரை அழைத்துச் சென்று காட்டியிருக்க வேண்டும்.

மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பியதையும் எழுதியிருப்பதால், உங்களைத் தூங்கவிடாத பயம் எது என்று புரிகிறது. மறதிநோய் விடியற்காலையில் வந்து, இனிப்புக் காப்பி குடித்த கால் மணி நேரத்தில் விலகிப் போவதில்லை. உங்கள் கணவருக்கு அப்படித்தான் தெளிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பெரும்பாலும் இது இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவதன் விளைவு.

நீரிழிவுக்கு அவர் போடும் கிளிக்லசைடு, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 67 வயது மனிதர், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடச் சொல்லும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மாலை நான்கு மணியோடு சாப்பாட்டை நிறுத்துகிறார். எட்டு மணிக்கு மாத்திரையை மட்டும் பழக்கம்போல் போட்டுக்கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்கு பிசோப்ரோலால் வேறு. அது நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது. ஆகவே "படபடப்பு இல்லையே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

இன்றிரவிலிருந்தே அவர் சாப்பிடட்டும். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடக்கூடாது. மற்ற மருந்துகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மறுபடி வேர்த்தால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறியதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். கருவி கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் விஷயம் முடியவில்லை. இந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் அதிக நேரம். சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் இனியொரு முறை நடந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடக்காவிட்டாலும் நாளைக் காலை பலதுறை மருந்தகத்தில் மருந்தளவை மாற்றியாக வேண்டும். குழப்பம் வந்த நேரத்தில் சர்க்கரை சரியாக இருந்தால் காரணம் வேறு. அதற்கும் அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

இனி, நேரம் பார்த்துச் சாப்பிடுவதற்கு உங்கள் கணவர் மேற்கோள் காட்டும் எலிகள். 2012இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கூடத்தில், கொழுப்பு மிகுந்த தீவனத்தை எட்டு மணி நேரத்துக்குள் தின்ற எலிகள், அதே அளவை நாள் முழுக்கக் கொறித்த எலிகளைப்போல் கொழுக்கவில்லை. நல்ல ஆய்வு. ஆனால் ஓரிரவு பட்டினி போட்டாலே சுண்டெலியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். நமக்கு அது நேற்றைய இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்ட கதை. எலிக்கு ஒரு நாள் என்பது நமக்கு ஒரு நாள் அல்ல. மனிதர்களிடம் பார்த்தபோது? சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் சாப்பிட்டார்கள். எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காணொளிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவரைப் பற்றி நீங்கள் கேட்ட மற்றவை. நாக்கில் வெள்ளை, வாய் நாற்றம்: பட்டினியும் வறண்ட வாயும். ஏப்பம்: வெறும் வயிற்றில் நான்கு குவளை கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி. முடி உதிர்வது: அறுபத்தேழு வயது, விடுங்கள்.

பூனைக்கும் அவர் ஒரு வேளைதான் சோறு வைக்கிறார் என்று கோபித்திருக்கிறீர்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் எட்டுப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே வேளையில் முழுத் தீவனத்தையும் தின்றவற்றுக்குப் பசி நன்றாக அடங்கியதாகத் தெரிந்தது. தொடர்ந்து சில நாள் எதுவுமே தின்னாவிட்டால்தான் பூனையின் ஈரல் கெடும். உங்கள் பூனை தட்டைக் காலி செய்கிறது, கிளிக்லசைடும் சாப்பிடவில்லை. அதை விட்டுவிட்டு, நாளை அவருடைய மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.