ஹிம்செல்ஃபா, ஹிஸ்செல்ஃபா? யுவர்செல்ஃபா, யுவர்செல்வ்ஸா?

செல்ஃப், செல்வ்ஸ் என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். கைடில் இருக்கும் பட்டியலை மனப்பாடம் செய்தபிறகுதான் குழம்பியிருப்பீர்கள். பட்டியல் தப்பில்லை. தமிழ் பேசுகிறவர் எங்கே வழுக்குவார் என்பது மட்டும் அதில் இருக்காது.

முதலில் வடிவம். மை, யுவர், அவர் (‘எங்கள்’ என்ற பொருளில் வருவது) மூன்றும் உடைமைச் சொற்கள்; அவற்றோடு செல்ஃப் சேர்கிறது. ஹிம், இட், தெம் ஆகியவற்றில் செயப்படுபொருள் வடிவத்தோடு சேர்கிறது. ஹெர் இரண்டுக்கும் ஒன்றே. மைசெல்ஃபைப் பார்த்துப் பழகிய கை ஹிஸ்செல்ஃப், தேர்செல்வ்ஸ் என்று எழுதிவிடுகிறது. “இங்கிலாந்திலேயே சில வட்டாரங்களில் அப்படித்தானே பேசுகிறார்கள்” என்று யாராவது வருவார்கள். பேசட்டும், வட்டார வழக்கில் குறை ஒன்றுமில்லை. தேர்வில் மதிப்பெண் கிடைக்காது, அவ்வளவுதான்.

செல்ஃப் ஒருமை, செல்வ்ஸ் பன்மை. இங்கே நம் மரியாதைப் பன்மை காலை வாரும். மேலாளர் ஒருவரிடம் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் சார்” என்றால் ஆங்கிலத்தில் யுவர்செல்ஃப்தான். யுவர்செல்வ்ஸ் என்றால் எதிரில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும்.

பெரிய பள்ளம் ‘தன்’. “தன்னைக் கண்ணன் அடித்ததாக ராமன் சொன்னான்” என்றால் அடி வாங்கியவன் ராமன். அதையே “ராமன் செட் தட் கண்ணன் ஹிட் ஹிம்செல்ஃப்” என்று எழுதினால் கண்ணன் தன்னைத்தானே அடித்துக்கொண்டதாக ஆகிவிடும். நம் ‘தன்’ தான் இருக்கும் உள்வாக்கியத்தைத் தாண்டி வெளியே இருக்கும் எழுவாயைத் தேடிப்போகும். ஆங்கில செல்ஃப் தன் பக்கத்து வினையின் எழுவாயோடு நின்றுவிடும். ஆகவே வினையைப் பிடியுங்கள். அடித்தது யார்? கண்ணன். அடி வாங்கியதும் அவனேவா? இல்லை. அப்படியானால் வெறும் ஹிம்.

‘கொள்’ அடுத்தது. “பையன்கள் அடித்துக்கொண்டார்கள்” என்பதற்கு ஈச் அதர் வேண்டும். தெம்செல்வ்ஸ் போட்டால் ஆளாளுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டதாகப் படிப்பார்கள். “ஷேவ் செய்துகொண்டான்” என்பதற்கு ஹிம்செல்ஃப் தேவையே இல்லை, ஹீ ஷேவ்ட் போதும். என்ஜாய் இதற்கு நேரெதிர். “வீ என்ஜாய்ட்” என்று பாதியில் விடக்கூடாது. அவர்செல்வ்ஸ் என்றாவது, எதை ரசித்தோம் என்றாவது சொல்ல வேண்டும். “குடையை என்னோடு எடுத்துப் போனேன்” என்பதற்கு வித் மீ, மைசெல்ஃப் வராது. பை மைசெல்ஃப் என்றால் தனியாக, அல்லது யார் உதவியும் இல்லாமல்.

“மைசெல்ஃப் குமார்” பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு இன்னமும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள் சிலர். நான் ஆங்கில வெறியன் இல்லை. உச்சரிப்பு எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் மைசெல்ஃப் தனியாக எழுவாயாக நிற்காது. ஐ ஆம் குமார் என்பதற்கு என்ன குறைச்சல்? அலுவலக மின்னஞ்சலில் வரும் “ப்ளீஸ் கான்டாக்ட் ரவி ஆர் மைசெல்ஃப்” என்பதும் இதே ரகம். ரவியை எடுத்துவிட்டுப் படியுங்கள், “கான்டாக்ட் மைசெல்ஃப்” என்று இளிக்கும். அங்கே மீ.

தெம்செல்ஃப் என்று பார்த்தால் உடனே அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். ஆணா பெண்ணா என்று குறிக்காமல் ஒருவரையே ‘தே’ என்று சொல்வது பழைய வழக்கம். 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தச் சொல்லை ஆண்டின் சொல்லாகவே எடுத்தது. அந்த ஒருமைக்குத்தான் தெம்செல்ஃப். தேர்வில் மட்டும் தெம்செல்வ்ஸ் என்றே எழுதிவிடுங்கள்; திருத்துபவரோடு வாதாட அங்கே வழியில்லை.